ஏறிய வழியில் இறங்காத பதினோரு பேர்

சடையன்பாறை உச்சியில் நின்று பதினோரு பேரும் கையை வீசினோம். கீழே ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு சிவப்பு பஸ் பின்னால் வந்து, முன்னால் போய், மறுபடியும் பின்னால் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. மாலை நான்கு மணி கழிந்து ஐந்தாறு நிமிடம் இருக்கும். பாறையில் வெயிலின் சூடு இன்னும் அடங்கவில்லை. செருப்பைக் கழற்றிய ஒருவர் உடனே மாட்டிக்கொண்டார்.

பஸ் திரும்பி முடித்ததும் இரண்டு முறை ஹாரன் கேட்டது. கண்டக்டர் படியில் நின்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

“கண்டியளா? நம்ம மேல அவனுக்கு ஒரு தனி சினேகமாக்கும்” என்றார் எங்கள் நடைக் குழுவை நடத்தும் சுகுமாரன் சார்.

நான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வீசினேன். அறுபத்தோரு வயதில் ஒரு அரசாங்க பஸ் நம்மைப் பார்த்து ஹாரன் அடிப்பது சின்ன விஷயமா? வேலையில் இருந்த காலத்தில் எந்த பஸ்ஸும் எனக்காக நின்றதுகூட இல்லை.

பிறகு பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிவிட்டு, மலையின் மறுபக்கமாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கினோம். அங்கே ஒரு டீக்கடையில் எங்களுக்காக ரசவடை ஊறிக்கொண்டிருந்தது.

வாசகருக்கு வழி

‘மலை என்றால் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தானா? உங்கள் பக்கத்தில் பஸ்ஸில் போய் நடக்கக்கூடிய மலைகள் உண்டா?’ என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்தத் தொடரை அவர் ஏதோ உபயோகமான தொடர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

உண்டு ஐயா. பாறசாலையில் ரயிலை விட்டு இறங்கி வெள்ளறடை பஸ்ஸைப் பிடித்தால் குரிசுமலையும் காளிமலையும் பக்கம். ஒன்றில் சிலுவை, இன்னொன்றில் கோயில். திருவிழாக் காலத்தில் போனால் நீங்கள் நடக்கவே வேண்டாம், பின்னால் வருகிறவர்களே மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்.

காட்டாக்கடை போய் அங்கிருந்து கள்ளிக்காடு பஸ்ஸில் ஏறினால் நெய்யாறு அணை. ஏரிக்கரையில் நடக்கலாம். ஏரியில் முதலை உண்டு என்று நம்புகிறவர்கள் நடக்காமல் ஐஸ்கிரீம் சாப்பிடலாம். அகஸ்தியகூடம் என்றால் வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி வரும்போது முழங்கால் போயிருக்கும்.

சடையன்பாறையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. காலையில் பஸ்ஸில் போகலாம், மாலையில் வந்த வழியே திரும்ப பஸ் கிடையாது. அந்த பஸ் நின்றுபோனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால், பொய் சொல்லாமல் எழுதிவிடுகிறேன்.

நடக்காத குடும்பம்

எங்கள் குடும்பத்தில் யாரும் நடந்ததில்லை. நடந்தால் கோர்ட்டுக்குத்தான் நடப்பார்கள், அதுவும் பங்காளிகளுக்கு எதிராக. அப்பா மகாராஜா காலத்துக் கச்சேரியில் எழுத்து வேலைக்குச் சேர்ந்து, கேரள அரசாங்கத்தில் ஓய்வு பெற்றவர். மலை ஏறுகிறவன் ஒன்று தேன் எடுக்கிறவன், இல்லையென்றால் போலீசுக்குப் பயந்தவன் என்பது அவருடைய கட்சி.

அவரையும் ஒருமுறை சடையன்பாறைக்கு அனுப்பினார்கள். மாநிலங்களைப் பிரித்த புதிதில், மலை மேல் நட்ட எல்லைக்கல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும். அப்பா அடிவாரத்தில் ஒரு பலாமரத்து நிழலில் உட்கார்ந்து, கொண்டுபோன கட்டுச்சோற்றைச் சாப்பிட்டு, ‘நேரில் பார்வையிடப்பட்டது’ என்று கோப்பில் எழுதிவிட்டுத் திரும்பினார். கல் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அந்தக் கல்லில் ஏறி நின்று பதினோரு பேரும் படம் எடுத்துக்கொண்ட அன்று அப்பாவை நினைத்துச் சிரித்தேன். ஒப்புக்கொண்டதைச் செய்யாமல் விடும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் அவரோடு முடிந்தது என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கரையைக் குறைக்க நடக்கச் சொன்னார் டாக்டர். எங்கள் தெருவில் நடந்தால், ‘சந்திராக்கா, வீட்டுல எதாவது பிரச்சினையா?’ என்று நான்கு பேர் கேட்பார்கள். அதனால்தான் சுகுமாரன் சாரின் நடைக் குழுவில் சேர்ந்தேன்.

சார் ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். பஸ்ஸில் போய் நடக்கும் மலைப்பாதைகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். எந்த பஸ், எத்தனை மணிக்கு, எங்கே மூத்திரம் போகலாம் என்பது உட்பட. குழுவில் இருந்த பதினோரு பேரில் எட்டுப் பேர் பெண்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லோருக்கும் ஏதாவது ஒரு மாத்திரை உண்டு.

சுஜா வந்த நாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுஜா வந்தாள். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். சடையன்பாறை அடிவாரத்து ஊரில் அங்கன்வாடி டீச்சர். காலை பஸ்ஸில் போய், மாலை பஸ்ஸில் திரும்புவாள். சில வருடங்களுக்கு முன்பு ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வலது முழங்காலில் ஸ்டீல் தகடு வைத்திருக்கிறார்கள். கணவர் வளைகுடாவில் டிரைவர். ஊரான் பிள்ளைகளை எல்லாம் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார்.

“அக்கா, ஒரு காரியம் சொன்னா செய்வியளா?” என்றாள்.

“சொல்லு மக்கா.”

“எனக்க சாயங்காலத்து வண்டிய நிறுத்தப் போறாவளாம். ஆளில்லியாம். உள்ளது நான் ஒருத்தியாக்கும்.”

“அந்த ஊருக்காரங்க எல்லாம் எங்க போனாவ?”

“எல்லாருக்கும் பைக் உண்டு. பைக் இல்லாதவனுக்கு பைக் உள்ள மச்சினன் உண்டு. எனக்கு இந்த காலுதான் உண்டு.”

வண்டி நின்றால் அவள் மெயின் ரோடு ஜங்ஷன் வரை மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். இறக்கமான ரோடு. தகடு வைத்த காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைவிட்டால் வேலையை விட வேண்டும். பதினெட்டு வருட வேலை.

“உங்க சாருக்க குரூப்பு எங்கயாவது போய் நடக்கியது தானே” என்றாள். “அத எங்க மலையில வந்து நடந்தா என்ன? சாயங்காலம் அந்த வண்டியில ஏறினா, ஆளு உண்டுன்னு ஆவும்.”

இவ்வளவுதான் கேட்டாள். நான் அன்றே சாரிடம் பேசி, செவ்வாயும் வெள்ளியும் சடையன்பாறை என்று முடிவு செய்துவிட்டேன். தாலுகா ஆபீஸில் முப்பது வருடத்தில் ஒரு மனுவை நான் இவ்வளவு வேகமாகத் தீர்த்ததில்லை.

மலையும் சட்டமும்

சடையன்பாறை பெயருக்குத்தான் மலை. எங்களுக்கு ஏற முக்கால் மணி நேரம், பஸ் நிற்கும் பக்கமாக இறங்கக் கால் மணி நேரம். மீதி நேரமெல்லாம் உச்சியில் ஒரு கொல்லாமரத்தின், அதாவது முந்திரி மரத்தின், அடியில் பொதிச்சோறு தின்றுவிட்டுப் படுத்துக் கிடப்பது. மாலையில் வீட்டுக்குப் போய், ‘இன்னைக்கு மலை ஏறினோம்’ என்று சொல்வோம்.

முதல் இரண்டு வாரமும் ஒழுங்காக மாலை பஸ்ஸில் திரும்பினோம். கண்டக்டர் பிஜு மலையாளி. எங்களைப் பார்த்ததும் தமிழும் மலையாளமும் கலந்து ஒரு பாஷை வைத்திருந்தான்.

“சேச்சி, காலத்தே வண்டிக்கு குழப்பமில்ல, ஆளு உண்டு” என்று முதல் நாளே எனக்கு விளக்கினான். “வைகுந்நேரத்த ட்ரிப்பாக்கும் பிரச்னம். திரிச்சு போவும்போ ஆள் வேணும். அது மட்டும் பாத்துக்கிடணும்.”

காலை வண்டி வேறு, மாலை வண்டி வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. கோப்புகளோடு குடித்தனம் நடத்திய எனக்கு இது புரியாமல் போகுமா? நன்றாகப் புரிந்தது.

அந்த இரண்டு வாரமும் சுஜாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வந்தமாதிரி எல்லோருக்கும் இடம் காட்டினாள். முன் வாசலுக்கு அடுத்து ஒற்றை ஜன்னல் இருக்கை ஒன்று உண்டு. அதன் முன்னால் கம்பி இல்லாததால் காலை நீட்டிக்கொள்ளலாம். அதில் உட்கார்ந்து வலது காலை நீட்டி, “இது எனக்க இடமாக்கும். வேற எங்க இருந்தாலும் காலு கடுக்கும்” என்று சிரித்தாள்.

மூன்றாவது வாரம் சுகுமாரன் சார் உச்சியில் நின்று சட்டம் போட்டார்.

“ஏறின வழியில எறங்கியதுக்கு பேரு நடை இல்ல. போக்குவரத்தாக்கும். நல்ல நடைன்னா ஒரு வழியில ஏறணும், இன்னொரு வழியில எறங்கணும். எல்லா நாட்டுலயும் அப்படித்தான்.”

எல்லா நாட்டிலும் என்றால் சார் பார்த்தது கொழும்பு மட்டும். அதுவும் கல்யாணத்துக்குப் போனது. ஆனாலும் நாங்கள் ஆசிரியர்களுக்குக் கட்டுப்பட்டு வளர்ந்தவர்கள். மறுபக்கமாக இறங்கினோம். முக்கால் மணி நேர இறக்கம், முடிவில் ஒரு தமிழ்நாட்டு கிராமம், ஒரு பஸ் நிறுத்தம், ஒரு டீக்கடை.

ரசவடை

அந்த டீக்கடைக்காரர் நான்கரை மணிக்குப் பருப்புவடை சுடுவார். சுட்டதைச் சூடான ரசத்தில் போட்டு ஊற வைப்பார். ஐந்து மணிக்குப் போனால், வடை ரசத்தைக் குடித்து முடித்திருக்கும், ஆனால் உடைந்திருக்காது. மிளகும் பெருங்காயமும் மூக்கில் ஏறும். உள்ளங்கையில் வாழையிலைத் துண்டு வழியாகச் சூடு இறங்கும். ஐந்தரைக்குப் போனால் வடை கரைந்து ரசம் மட்டும்தான்.

பிறகு களியக்காவிளை போகும் தமிழ்நாட்டு டவுன் பஸ் வரும். அதில் பெண்களுக்கு இலவசம். எங்கள் எட்டுப் பேருக்கும் ஓசி டிக்கெட், மூன்று ஆண்களும் காசு கொடுத்து வருவார்கள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம் கழித்துக் கிடைத்த இந்த மரியாதையை யார் விடுவார்கள்? களியக்காவிளையிலிருந்து எங்கள் ஊரான பாறசாலை கூப்பிடு தூரம்.

ஒரே மலையில் ஏறி ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குள் விழுந்து, அங்கே தின்று, அங்குள்ள பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற இந்தத் தப்பை எங்களைப்போல எல்லையில் குடியிருப்பவர்களால்தான் செய்ய முடியும். மற்ற ஊர்க்காரர்களுக்குத் திரும்ப ஒரே ஒரு பஸ்தான். பேசாமல் அதில் ஏறியிருப்பார்கள்.

எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. முதல் நாள், “சுஜாக்க வண்டி?” என்று ஒரு வார்த்தை சொன்னேன்.

“காலையில அதே பஸ்ஸுலதானே வந்தோம்? பதினோரு டிக்கெட் எடுத்தோம் இல்லியா?” என்றார் சார்.

அது வேறு ட்ரிப் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், “அதுவும் சரிதான்” என்றேன். ஐந்து மணி ரசவடையின் ருசி அப்படி. ஒரு மாதம் நாங்கள் அந்தப் பக்கமே இறங்கினோம். மேலேயிருந்து மாலை பஸ் திரும்புவதைப் பார்த்துக் கையை வீசுவது வழக்கமாகிவிட்டது. நாங்கள் கைவிட்ட பஸ்ஸுக்கு ஒவ்வொரு முறையும் டாட்டா வேறு.

ஒரு டீச்சரும் ஒரு சக்கையும்

ஹாரன் கேட்ட அந்த நாளுக்கு அடுத்த முறை காலை பஸ்ஸில் ஏறினோம். பிஜு என் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட் கிழித்தான். மலையடிவாரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு என்னை மட்டும் நிறுத்தினான்.

“சேச்சி, அன்னைக்கு நான் டாட்டா காட்டினதில்ல. உங்கள விளிச்சதாக்கும்.”

“எதுக்கு?”

“செக்கர் வண்டிக்குள்ள இருந்தாரு. இந்த ட்ரிப் வேணுமா வேண்டாமான்னு நோக்கி எழுதான் வந்தது. நீங்க எறங்கி வாறதா இருந்தா கால் மணிக்கூர் நிறுத்தாம்னு டிரைவர் சொன்னாரு. அதாக்கும் ஹாரன் அடிச்சது.”

“பின்ன?”

“பின்ன என்ன. ஒரு டீச்சரும் ஒரு சக்கையும். அதாக்கும் எழுதினாரு.”

சக்கை யாரோ பாறசாலைக்குக் கொடுத்துவிட்ட பலாப்பழம். அதற்கும் லக்கேஜ் டிக்கெட் எடுத்திருந்ததால் கணக்கில் வந்துவிட்டது. கால் மணி நேரத்தில் இறங்கியிருக்கலாம். பதினோரு பேர், ஒரு டீச்சர், ஒரு சக்கை என்று எழுதியிருப்பார்.

அன்று நான் மலை ஏறவில்லை. அங்கன்வாடி வாசலில் போய் நின்றேன். சுஜா ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சுஜா, அன்னைக்கு நாங்க மேலதான் நின்னோம்” என்றேன்.

“தெரியும் அக்கா. நீங்க துண்ட வீசினத பாத்தேன்” என்றாள். “நானும் ஜன்னல் வழியா கைய வீசினேன். நீங்க பாக்கல்லியா?”

நான் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. இவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை.

மூன்று மொழியில் ஒரு மனு

அடுத்து நாங்கள் செய்ததெல்லாம் வழக்கமானவை. சுகுமாரன் சார் மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று மூன்று மனு எழுதினார். மூன்றிலும் மலையின் உயரம் இருந்தது. சுஜாவின் காலைப் பற்றி ஒன்றிலும் இல்லை, நான் சொன்ன பிறகுதான் சேர்த்தோம். கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனோம். பைக்கில் சாய்ந்துகொண்டே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. அந்த வாக்கியத்தை ஆயிரம் பேருக்கு எழுதி அனுப்பியவள் நான். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். பதினைந்து நாளில் பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் தாள் ஒட்டினார்கள். மாத முதல் தேதியிலிருந்து மாலை வண்டி கிடையாது.

குழு இப்போது நெய்யாறு அணைப் பக்கம் நடக்கிறது. சாரின் நோட்டில் சடையன்பாறைக்கு நேராக, ‘பஸ் வசதி போதாது’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.

செவ்வாயும் வெள்ளியும் நான் தனியாகச் சடையன்பாறை போகிறேன். மூன்றரை மணிக்கு அங்கன்வாடி வாசலில் நின்றால் சுஜா பூட்டிவிட்டு வருவாள். இரண்டு பேருமாக ஜங்ஷன் வரை இறங்குவோம். பாதி வழியில் ரோட்டோரத்து ஒரு கலுங்குத் திண்டில் உட்கார்ந்து அவள் காலை நீட்டுவாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதைப் பிராயச்சித்தம் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம். வாரத்தில் மீதி நாட்கள் அவள் தனியாகத்தான் நடக்கிறாள்.

கடைசி வண்டி

மாலை வண்டியின் கடைசி நாளன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

‘நம்முடைய பஸ்ஸுக்கு விடை கொடுப்போம்’ என்று சார் குழுவில் செய்தி போட்டார். அது அடிவாரத்து ஊர் முழுக்கப் போய்விட்டது. அன்று பதினோரு பேரும், சட்டத்தை ஒருநாள் ஒதுக்கிவிட்டு, ஏறிய வழியிலேயே இறங்கினோம். கீழே திருவிழா.

பஸ்ஸின் முகப்பில் இரண்டு வாழைக்குலை கட்டியிருந்தார்கள். கண்ணாடிக்குக் குறுக்கே செவ்வந்தி மாலை. புது பஸ் விடும்போது செய்கிற அலங்காரம். நிறுத்துகிற பஸ்ஸுக்கு என்ன அலங்காரம் என்று யாருக்கும் தெரியாததால் அதையே செய்துவிட்டார்கள். பைக் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பைக்கை வீட்டில் வைத்துவிட்டு, போனில் படம் பிடிக்க வந்திருந்தார்கள். ஒருவர் பேசினார். இந்த வண்டி எங்கள் ஊரின் உயிர்நாடி என்றார். அவர் அதில் ஏறி நான் பார்த்ததில்லை.

பேச்சு முடிந்ததும் எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். நானும் ஏறினேன். முழங்கால் வலித்தது. முன் வாசலுக்குப் பக்கத்தில் ஒற்றை ஜன்னல் இருக்கை ஒன்று காலியாக இருந்தது. உட்கார்ந்து காலை நீட்டினேன். சுகமாக இருந்தது.

சுஜா கடைசியாகத்தான் வந்தாள். ஒரு குழந்தையை அழைத்துப்போக அம்மா வரத் தாமதம், அந்தக் குழந்தையை ஒப்படைத்துவிட்டு, அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு வந்தாள். பிஜு கையைக் கொடுத்து அவளைத் தூக்கிவிட்டான். அவள் என் அருகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி புறப்பட்டு முதல் வளைவு திரும்பும்போதுதான், நான் யாருடைய இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

எழுந்துவிட்டேன். “இரி மக்கா, உனக்க இடம்” என்றேன்.

“வேண்டாம் அக்கா. நீங்க இருங்க” என்றாள். கோபம் ஒன்றும் இல்லை, எப்போதும்போலத்தான் சொன்னாள். “நாளைக்கு முதல் நடக்கத்தானே போறேன். காலு பழகட்டு.”

நானும் உட்காரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். பைக் உள்ளவர்கள் போனைச் சட்டைப் பையில் போட்டார்கள். நிற்க இடமில்லாத வண்டியில், பாறசாலை வரும்வரை அந்த இருக்கையில் யாரும் உட்காரவில்லை. சுகுமாரன் சார்கூட.